நம்பர் பேட் இல்லாத கீபோர்டு

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. வழியில் போகும்போது சட்டையில் ஆணி மாட்டுகிற மாதிரி மாட்டியது. ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பிரிண்டருக்கு மை வாங்கக் கணினிக் கடைக்குப் போனேன். மதியம் இரண்டு மணிக்கு மை இல்லாமல் வீடு திரும்பினேன். இடையில் நடந்ததுதான் நீங்கள் படிக்கப்போவது.

கதையில் வரும் கணவனும் மனைவியும் எங்கள் கட்டிடத்தில் மூன்றாவது மாடி. நான் இரண்டாவது. எழுதிக்கொள்ளட்டுமா என்று இருவரிடமும் கேட்டேன். கணவர், "எழுதுங்க மேடம், பேர் மட்டும் வேணாம்," என்றார். மனைவி முழுப் பிரதியையும் வாங்கிக்கொண்டு போய், பென்சிலால் பதினோரு இடத்தில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சில கோடுகளுக்குக் கட்டுப்பட்டேன். சிலவற்றை உங்கள் கண் முன்னாலேயே மீறப்போகிறேன்.

கீபோர்டு வாங்கியதெல்லாம் ஒரு கதையா என்று கேட்க நினைப்பவர்கள் வரிசையில் நிற்கவும். என் தங்கை ஏற்கெனவே முன்னால் நிற்கிறாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வயர்லெஸ் கீபோர்டும் மவுசும் வாங்குமுன் சோபாவுக்கும் டிவிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துகொள்வது நல்லது. ஏனெனில்—"

ஏனெனில் இது அட்டைப்பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளைப் போல இருக்கிறது. விட்டுவிட்டேன். அடுத்தது:

"மூடிய கதவின் முன்னால் அவள் நின்றிருந்தாள். வெளியே மழை—"

மழை இல்லை. விசாரித்துவிட்டேன், அன்று நல்ல வெயில். என் கதைகளில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் உடனே வானம் இருட்டிக்கொள்ளும். பல வருடப் பழக்கம், விடமாட்டேன் என்கிறது. இந்த வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு பென்சில் குறிப்பும் இருந்தது: "அவருக்கு மட்டும் 'ர்' போட்டிருக்கீங்க. எனக்கு ஏன் 'ள்'?"

நியாயமான கேள்வி. இனிமேல் இருவருக்கும் "ர்". (தங்கைக்கு "ள்"தான். அவள் இதையெல்லாம் கண்டுகொள்ளமாட்டாள்.)

மூன்றாவது தொடக்கம் கடையில். அதுதான் நிலைத்தது.

3

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.* மனைவி டென்டல் லேபில் பல்செட் செய்பவர். மெழுகில் பல்லை வரிசையாகப் பதித்து, ஈறு செதுக்கி, கடைசியில் மெருகேற்றித் தருவார். கட்டிடத்தில் எல்லோரும் அவரைப் பல்லம்மா என்பார்கள். அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

[*நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. இதை வைத்து நகைச்சுவை செய்யாதவர்கள் அங்கே யாரும் இல்லை என்பதால் நான் செய்யவில்லை.]

லிஃப்ட்காரருக்கு ஒரு விளையாட்டு உண்டு. கணினியில் லாரி ஓட்டுவார். சரக்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில், முடிவே இல்லாத நெடுஞ்சாலையில், மணிக்கணக்காக. நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருகிறவருக்குச் சாயங்காலம் நேராகப் போக ஆசை. கணினி உள்ளறையில் இருந்தது. காதில் ஹெட்போன், கதவு சாத்தியிருக்கும்.

இப்போது அந்த விளையாட்டை ஹாலுக்குக் கொண்டுவர ஏற்பாடு. கணினி உள்ளறையிலேயே இருக்கும். அதன் திரையில் ஓடுவது வைஃபை வழியாக ஹாலில் உள்ள டிவிக்கு வரும். டிவிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி அதை வாங்கிக் காட்டும். சோபாவில் இருப்பவர் தட்டுவதை அந்தப் பெட்டி திரும்ப உள்ளறைக்கு அனுப்பும். லாரி உள்ளே, டிரைவர் வெளியே. பெட்டி வாங்கியாயிற்று. கீபோர்டும் மவுசும்தான் பாக்கி. கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர் ஆகாது. எப்போதோ ஒரு லிஃப்ட் கதவில் நசுங்கி அவருடைய வலது கட்டைவிரல் மடங்குவதில்லை.

நான் கடைக்குள் நுழைந்தபோது இருவரும் கண்ணாடி மேசையின் முன் நின்றிருந்தார்கள். நடுவில் கடைக்காரர். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி.

"அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார் லிஃப்ட்காரர், "சத்தமில்லாத கீ வேணும்னா இதுல வராது."

கடைக்காரர் அரை அடி தள்ளி நின்ற பல்லம்மாவிடம் திரும்பினார். "சத்தமில்லாத கீ இதுல வராதுங்கறார்."

"சத்தம் இருந்தா பரவாயில்லன்னு சொல்லுங்க. வீட்ல ஆள் இருக்காருன்னாவது தெரியும்."

"சத்தம் இருந்தா பரவாயில்லையாம்," என்று சொல்லிவிட்டு, மீதியைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார். அனுபவசாலி.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருவரும் பேசிக்கொள்வதில்லை. எத்தனை நாளாக என்பதுதான் தெரியாது. நான் மை இருக்கும் அலமாரிப் பக்கம் மெதுவாக நகர்ந்தேன். அதற்குள் கடைக்காரருக்குப் போன் வந்தது. குடோனில் ஏதோ சரக்கு இறங்குகிறதாம். "மேடம், தெரிஞ்சவங்கதானே, ரெண்டு நிமிஷம் பாத்துக்குங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் போனார். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒப்படைத்துவிட்டுப் போனது இவர்களை.

4

இங்கே நிறுத்தி ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும்.

முதல் பிரதியில் லிஃப்ட்காரரை மோசமான ஆளாக எழுதியிருந்தேன். எழுதச் சுலபம். காதை அடைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்ட கணவன் என்றால் வாசகர் தானே கோபப்பட்டுக்கொள்வார், எழுதுகிறவருக்கு வேலை மிச்சம். பல்லம்மாவை மூன்று இடத்தில் அழவைத்திருந்தேன். மூன்று இடத்திலும் பென்சில் கோடு. "நான் அழல. எரிச்சலா இருந்துச்சு," என்று ஒன்றன் பக்கத்தில். "இதையும் நம்பமாட்டாங்க," என்று இன்னொன்றில். மூன்றாவதில் ஒரு பெருக்கல் குறி மட்டும்.

ஆகவே அழுகையை எடுத்துவிட்டேன். அவரை மோசமான ஆளாகவும் வைத்திருக்க முடியவில்லை. கடையில் அவர் நின்ற விதம் அப்படி. கீபோர்டு ஒவ்வொன்றையும் தூக்கி, தன் பக்கம் பார்க்காமல், முதலில் மனைவி பக்கம் தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பேசாத ஆள் செய்யக்கூடியது அவ்வளவுதான் போலிருக்கிறது.

5

"மேடம், அவங்ககிட்ட கேளுங்க," என்றார் என்னிடம். "வெளிச்சம் வர்ற கீ வேணுமா?"

"யார் அடிக்கப் போறாங்களோ அவங்கதான் சொல்லணும்," என்றார் பல்லம்மா, என்னிடம்.

"நான் ஹாலுக்கு வர்றதே அவங்களுக்காகத்தான்னு சொல்லுங்க."

"பன்னெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா நல்லாருந்திருக்கும்னு சொல்லுங்க அக்கா."

நான் எதையும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை. மூவரும் ஒரே மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தோம். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியமும் என் முகத்தைத் தொட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் போயிற்று. அரை மணி நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். அவர்கள் இந்த வரிசையில் சொல்லவில்லை.

பல்லம்மா வேலைபார்த்த லேபில் பல் செதுக்கும் இயந்திரம் வாங்கினார்கள். மெழுகுப் பிரிவை மூடுகிறோம் என்று ஒரு திங்கட்கிழமை மதியம் சொன்னார்கள். பதினேழு வருட வேலை. தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு தடவை தட்டினார். பிறகு கதவைப் பார்த்தே சொன்னார்: "எனக்கு வேலை போயிடுச்சு." உள்ளே லாரி மலையேறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து லிஃப்ட்காரர் வெளியே வந்து, "லைட் போடலையா?" என்று கேட்டார். பல்லம்மா எழுந்து லைட்டைப் போட்டார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மச்சான் போன் செய்தார், அதாவது பல்லம்மாவின் அண்ணன். "கவலப்படாதீங்க மாப்பிள்ளை, வேற லேப் இல்லாமலா போயிடும்," என்று ஆறுதல் சொன்னார். எதற்கு ஆறுதல் என்று தெரியாமலேயே லிஃப்ட்காரர், "ஆமாமா," என்று சொல்லிவைத்தார்.

"எல்லாருக்கும் தெரியும். கட்டின எனக்குத் தெரியாது. அதக் கேளுங்க மேடம்," என்றார் கடையில்.

"மொதல்ல உங்ககிட்டதான்—" என்று நேராக ஆரம்பித்துவிட்ட பல்லம்மா, சட்டென்று என் பக்கம் திரும்பினார். "மொதல்ல அவர்கிட்டதான் சொன்னேன்னு சொல்லுங்க. கதவுக்குத் தெரியும்."

அதற்கப்புறம் ஏழு நாள் இருவரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மாலை லிஃப்ட்காரர் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "நாளைக்குக் கீபோர்டு வாங்கப் போறேன். ஹாலுக்கு மாத்தப் போறேன்," என்று அறிவித்தார். ஃப்ரிட்ஜ் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை செருப்பை மாட்டப் போனால், பல்லம்மா கைப்பையோடு வாசலில் நின்றிருந்தார்.

(இந்த இடத்தில் சமாதானத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. அதில் "இடைவெளி" என்ற சொல் நான்கு முறை வந்தது. தங்கை படித்துவிட்டு, "யாரு செத்துட்டாங்க?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

6

கடைசியில் மேசையில் இரண்டு ஜோடிகள் மிஞ்சின.

ஒன்று முழு நீளம். வலது கோடியில் எண்கள் தனியாக அடுக்கியிருக்கும் நம்பர் பேட், கீக்களுக்கு அடியில் நீல வெளிச்சம், தூக்கினால் கனம். லிஃப்ட்காரருக்கு அதன் மேல் கண். இன்னொன்று குட்டை. நம்பர் பேட் இல்லை, வெளிச்சமும் சுமார்தான். மவுஸ் இரண்டிலும் ஒரே மாதிரி.

பல்லம்மா கைப்பையைத் திறந்து ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். பல்லை அளக்கிற கை, மில்லிமீட்டர் விடாது. பெரியதை அளந்தார், சின்னதை அளந்தார். வித்தியாசத்தை நான்கு விரலை ஒட்டிவைத்துக் காட்டினார்.

"அக்கா, அவர்கிட்ட கேளுங்க. இந்த நம்பரையெல்லாம் வச்சு லாரில என்ன பண்ணுவாரு?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன்னு சொல்லுங்க. ஆனா முழுசா இருந்தா பாக்க நல்லாருக்கு."

"முழுசா இருந்தா மவுஸ் இவ்வளவு தள்ளிப் போகும். மவுஸ் தள்ளிப்போனா கை தள்ளிப் போகும். கை தள்ளிப்போனா முழங்கை வந்து…" அவர் தன் இடது விலாவைத் தொட்டுக் காட்டினார். "எங்க சோபா ரெண்டு பேர் சோபான்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். இதை எப்படி இன்னொருவர் எடுத்துச் சொல்வது? முப்பது வருடமாக எழுதுகிறேன். ஒரு கீபோர்டின் நீளத்தைப் பற்றி யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

லிஃப்ட்காரர் ஸ்கேலைப் பார்த்தார். பிறகு பெரிய பெட்டியை ஒரு விரலால் மேசையின் மறு கோடிக்குத் தள்ளினார்.

"சின்னதே போதும்னு சொல்லுங்க மேடம்."

குடோனிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்த கடைக்காரர், "அப்ப பெருசு பேக் பண்ணிடவா?" என்று கேட்டார். அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

7

பையை அவர் தூக்கினார், பில்லை அவர் வைத்துக்கொண்டார். (இருவருக்கும் "ர்" போட்டதால் வந்த வினை. தூக்கியது லிஃப்ட்காரர்.) கடை வாசலில் நான் விடைபெறப் பார்த்தேன்.

"நீங்களும் வரணும் மேடம்," என்றார் லிஃப்ட்காரர். "மாட்டிப் பாக்கணும்ல. யாரு பேசுவா?"

மூன்றாவது மாடிவரை ஏறினேன். மையைப் பற்றி நினைக்கவே இல்லை.

கீபோர்டோடு பேசும் ரிசீவர், சுண்டுவிரல் நகம் அளவு. அதை டிவிக்குப் பின்னாலிருந்த பெட்டியில் செருகினார். சோபாவில் உட்கார்ந்து மவுசை நகர்த்தினால் அம்புக்குறி நொண்டியது. இரண்டு அடி போவது, நிற்பது, திடீரென்று மூலைக்குத் தாவுவது. "டிவி மறைக்குது," என்று தனக்கே சொல்லிக்கொண்டு, ஒரு முழ நீள ஒயரைத் தேடி எடுத்து, ரிசீவரை டிவிக்கு முன்னால் கொண்டுவந்து டேப் போட்டு ஒட்டினார். அம்புக்குறி சீரானது. வேலை தெரிந்த கை. அப்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

அடுத்த சிக்கல் மவுஸ். சோபாத் துணியில் ஓடவில்லை. லிஃப்ட்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துப் பார்த்தார், தொய்ந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தார், வழுக்கியது. பல்லம்மா எழுந்து ஹால் மூலைக்குப் போனார். அங்கே டேப் ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. டேப்பைக் கிழித்தார். உள்ளேயிருந்து வழவழவென்று ஒரு பலகையை எடுத்தார். செய்த பல்செட்களை வரிசையாக அடுக்கிவைக்கும் பலகை. சேலைத் தலைப்பால் துடைத்துச் சோபாவின் நடுவில் வைத்தார். மவுஸ் அதில் வெண்ணெய் மாதிரி ஓடியது.

லிஃப்ட்காரர் மவுசைப் பார்க்கவில்லை. திறந்திருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, கத்திகள், துணியில் சுற்றிய எதுவோ. அந்தப் பெட்டியைப் பன்னிரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறார். சும்மா நிற்க முடியாமல் கை ஏதாவது வேலை தேடியது. "உள்ள போய் கனெக்ஷன் பாத்துட்டு வரேன்," என்று யாரிடமும் சொல்லாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார்.

கதவைச் சாத்திக்கொண்டார். பழக்கதோஷம். நான் பல்லம்மாவைப் பார்க்கவில்லை.

டிவியில் உள்ளறைக் கணினியின் திரை வந்தது. லாரியை ஒதுக்கிவிட்டு வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்திருந்தார்.

"மேடம்," என்று உள்ளிருந்து குரல். "எதையாவது அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. எல்லா கீயும் வருதான்னு தெரியணும்."

பல்லம்மா கீபோர்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அக்கா, இதுல தமிழ் வருமா?"

கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சோபாவின் மேல் குனிந்து தமிழ்த் தட்டச்சை இயக்கிக் கொடுத்தேன். ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டினால் தமிழ் விழும். அவர் ஆட்காட்டி விரல் ஒன்றால் தேடித் தேடித் தட்டினார். டிவியில் ஒவ்வொரு எழுத்தாக, கைமுஷ்டி அளவில், வந்து நின்றது. அதே நேரத்தில் உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால், அவர் முகத்துக்கு நேரேயும்.

எனக்கு வேலை போயிடுச்சு. பதினேழு வருஷம்.

உள்ளே நாற்காலி கிரீச்சிட்ட சத்தம் கேட்டது. சோபாவில் பல்லம்மாவின் கை கீபோர்டை விட்டு விலகியிருந்தது. ஆனால் திரையில் கர்சர் கோடு ஒரு வரி கீழே இறங்கியது. இறங்கி, கண் சிமிட்டியபடி நின்றது. பிறகு ஓர் எழுத்து விழுந்தது. உள்ளேயிருந்து, பழைய கீபோர்டில், அவர் தட்டுகிறார்.

8

எழுதுகிறவளாக இருந்தால் நான் அங்கேயே நின்று படித்திருக்க வேண்டும். ஒரு கதைக்கு இதைவிட வசதியாக யாரும் டிவி போட்டுக் காட்டமாட்டார்கள். கீழ்வீட்டுக்காரியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதனால் இந்தக் கதைக்கு இருக்க வேண்டிய வாக்கியம் என்னிடம் இல்லை.

இட்டு நிரப்பப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

முடிவு அ: "என்னை மன்னிச்சுடு" என்று தட்டுகிறார். (இதுவரை அவர் வாழ்க்கையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை.)

முடிவு ஆ: ஒன்றும் தட்டாமல் எழுந்து வெளியே வருகிறார். கதவு திறக்கிறது. வெளிச்சம்— (இல்லை. தட்டினார். முதல் எழுத்தை நானே பார்த்தேன்.)

முடிவு இ: தங்கை சொன்னது. "கீபோர்டு நல்லா வேலை செய்யுதுன்னு எழுதியிருப்பாரு." இவள் சொன்னதுதான் நடந்திருக்குமோ என்ற பயத்தில் ஒரு நாள் எழுதாமல் இருந்தேன்.

நடந்தது எனக்குத் தெரிந்தவரை இது: அன்று மாலை நாலரை மணிக்கு மேல்மாடியில் இருவர் பேசும் சத்தம் கேட்டது. சண்டைதான். நடுவில் ஆள் இல்லாத, நேரான, நல்ல சண்டை. ஒன்பது மணிவரை நடந்தது. அடுத்த மாதம் பல்லம்மா வேறொரு லேபில் வாரத்துக்கு மூன்று நாள் போக ஆரம்பித்தார். அங்கேயும் இயந்திரம் இருக்கிறதாம். "அது செதுக்கினதுக்கு மெருகு போடறேன். அதுக்கு மெருகு போடத் தெரியல," என்றார், கொஞ்சம் மகிழ்ச்சியாகவே. சாயங்காலங்களில் லாரியை இப்போது யார் ஓட்டுவது என்பதில் தகராறு இருப்பதாகக் கேள்வி. என் தலைக்கு மேலே, இரண்டு பேர் சோபா நகரும் சத்தம் அவ்வப்போது கேட்கிறது.

பிரதியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது பல்லம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன்.

"அன்னைக்கு என்னதான் எழுதினார்?"

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். கடைசிப் பக்கத்தை ஒரு தடவை புரட்டினார். சிரிப்பை அடக்குகிறவர்கள் உதட்டை உள்ளே மடிப்பார்களே, அப்படி மடித்தார்.

"ரெண்டு எழுத்துப் பிழை இருந்துச்சு," என்றார். "அவ்வளவுதான் சொல்லுவேன்."

அதற்கு மேல் கேட்டுப் பார்த்தேன், பலனில்லை. எனவே அந்த வரியை உங்களிடம் விடுகிறேன். கீழே இடம் காலியாக இருக்கிறது, கோடு கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வருவதைத் தட்டிக்கொள்ளுங்கள். அழகாக எழுத முயல வேண்டாம். அழகாக எழுதியிருந்தால் நான்தான் எழுதினேன் என்று பல்லம்மா கோடு போட்டுவிடுவார். பிழை மட்டும் சரியாக இரண்டு இருக்கட்டும்.